பெருசும் சோப்பு டப்பாவும்

அவரால் எதையும் தனியாகப் பார்க்க முடியாது. பக்கத்தில் இன்னொன்று வேண்டும். ஓட்டலில் இரண்டு இட்லி வைத்தால் எது பெரிது என்று பார்த்துவிட்டுத்தான் பிட்டு வாயில் போடுவார். டீக்கடையில் பக்கத்தில் நிற்பவரின் கிளாசை எட்டிப் பார்த்து, "ஏம்பா, அவருக்கு டீ ஊத்திக்கீற, எனக்கு நுரை ஊத்திக்கீற" என்பார். வீட்டுக் கூடத்தில் மனைவியும் மனைவியின் தங்கையும் சேர்ந்து நிற்கும் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். வருகிறவர்களிடம் அதைக் காட்டி, "ரெண்டு பேருக்கும் ஒரே லைட்டு தான் குடுத்தேன். வாங்கிக்கிற மொகம் வேணும் இல்ல?" என்று கேட்பார். மனைவி காபி கொண்டுவந்து வைக்கும் நேரமாகப் பார்த்துத்தான் கேட்பார்.

அவர் செத்துப் போன பிறகு செஞ்சியில் ஆளாளுக்கு அவரைத் தங்கமான மனுஷன் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அவரிடம் பத்து வருடம் வேலை பார்த்தவள் நான். திண்டிவனம் ரோட்டில் ஒரு உரக்கடையின் மாடியில் அவருடைய ஸ்டுடியோ. அதனால் ஊரில் அவருக்கே 'உரக்கடை மாடி' என்றுதான் பேர். கீழேயிருந்து வரும் யூரியா வாடையில் உட்கார்ந்து கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது என் வேலை. கம்ப்யூட்டரில் எத்தனையோ பேருடைய பருவை அழித்திருக்கிறேன், வழுக்கையில் முடி வைத்திருக்கிறேன். அவருக்கு டச்சப் செய்ய மட்டும் எனக்கு மனசில்லை.

அவருடைய கேமராவை நாங்கள் 'பெருசு' என்போம். சென்னையில் ஒரு பத்திரிகைப் போட்டோகிராபர் பல வருடம் அடித்துத் தள்ளிய பிறகு விற்றதை இவர் வாங்கி வந்திருந்தார். லென்சோடு தூக்கினால் தண்ணீர் நிறைந்த பித்தளைச் செம்பின் கனம் இருக்கும். கைப்பிடியில் இருந்த ரப்பர் உரிந்து வந்தபோது சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் தடவி ஒட்டிக்கொண்டார். பட்டனை அழுத்தினால் 'டடக்' என்று ஒரு சத்தம் வரும், குழந்தைகள் அதற்கே அழும். மெகாபிக்சல் கணக்கு பார்த்தால் இன்றைக்கு இருக்கும் போனை விடக் குறைவு. ஆனால் அதில் எடுத்த படத்தை மானிட்டரில் முழு அளவுக்குப் பெரிதாக்கினால் கண் இமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். கன்னத்துப் பள்ளம், மேலுதட்டுப் பூனை முடி, மூக்குத்தியை ஒட்டின அழுக்கு எதுவும் தப்பாது. அவருக்கும் அதுதான் பிடித்தது.

அவர் வாயில் ஓயாமல் வரும் சொல் ஒன்று உண்டு. "கைய எடு."

எத்துப்பல் உள்ள பெண் சிரிக்கும்போது கையை வாய்க்குக் கொண்டு போவாள். "கைய எடு." வழுக்கைக்காரர் முன் மயிரை இழுத்து விடுவார். "கைய எடுங்க, இருக்குறது அவ்ளோ தான்." ஒருமுறை தொண்டூரிலிருந்து பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு ஒருவர் வந்தார். அவருக்கு மாறுகண். ஸ்டூலில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்க்கிற மாதிரி ஒரு கண்ணை மறைத்துக்கொண்டார். "கைய எடுப்பா. ரெண்டு கண்ணும் ஆளுக்கொரு பக்கம் போவுது, நான் எந்தக் கண்ணுல ஃபோகஸ் வைக்கிறது?" என்றார் இவர். அந்த ஆள் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை, சிரித்தார். எல்லோரும் அப்படித்தான் சிரித்தார்கள்.

ஏன் போகவில்லை என்றால் உரக்கடை மாடிக்கு அப்படி ஒரு பேர். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பெண் கேட்டு வரும் மாப்பிள்ளை வீட்டார், தரகர் கொண்டு வரும் படத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். பின்னால் அவருடைய முத்திரை இருந்தால் போதும், படத்தில் ஏமாற்று இல்லை. முத்திரை இல்லாவிட்டால் நேராக மாடிக்கே வந்து, "இந்தப் பொண்ண நீங்க படம் எடுத்துக்கீறீங்களா?" என்று விசாரிப்பார்கள். பெண்ணின் குணத்தைப் பக்கத்து வீட்டில் கேட்பார்கள், முகத்தை இவரிடம் கேட்பார்கள். அவரும் நீதிபதி மாதிரி பதில் சொல்வார்.

எனக்கு ஏழு வயதில் வடிகஞ்சி கொட்டியது. இடது காதுக்குக் கீழே ஆரம்பித்துத் தாடை வழியாகக் கழுத்து வரை இறங்கும் தழும்பு. வேலைக்குச் சேர்ந்த அன்று துப்பட்டாவை அந்தப் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பேர் கேட்கவில்லை, படிப்பு கேட்கவில்லை. பெருசை எடுத்து, "புது லென்சு வந்துக்குது, டெஸ்ட் பண்ணணும், அப்படியே நில்லு" என்றார். பிறகு, "கைய எடு" என்றார். எடுத்தேன். 'டடக்'. அந்தப் படம் கம்ப்யூட்டரில் 'டெஸ்ட்' என்ற ஃபோல்டரில் போய்ச் சேர்ந்தது. பலமுறை அழித்துவிடலாம் என்று மவுசைக் கொண்டு போயிருக்கிறேன். அழித்திருக்க வேண்டும்.

சேர்ந்து சில வருடம் கழித்து நான் சொந்தமாக ஒரு கேமரா வாங்கினேன். புதிதாக வந்த சின்ன கேமரா. கைப்பையில் சீப்புக்கும் கைக்குட்டைக்கும் நடுவில் அடங்கிவிடும். லென்ஸ் தானாக வெளியே வரும், வேலை முடிந்தால் தானாக உள்ளே போகும். பின்னால் இருக்கும் திரையைத் தூக்கித் திருப்பி நம்மை நாமே பார்த்துக்கொண்டு எடுக்கலாம். சத்தமே கிடையாது. முகம் எங்கே இருக்கிறது என்று அதுவே கண்டுபிடித்து ஒரு கட்டம் போடும். தோலை மிருதுவாகக் காட்ட அதில் ஒரு செட்டிங் உண்டு.

அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இன்னாம்மா இது, சோப்பு டப்பா?" என்றார். அன்றிலிருந்து அதற்கு அதுவே பேர்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். மண்டபத்துக்குள் சோப்பு டப்பா தோற்றுத்தான் போகும். ஹோமப் புகையும் மங்கின லைட்டுமாக இருக்கும் இடத்தில் அது தடுமாறும், படத்தில் மணல் தூவினது போலப் புள்ளி விழும். தாலி முடிச்சு விழுகிற நொடியில் பெருசு நான்கு படம் அடித்திருக்கும், இது அப்போதுதான் யோசித்துக்கொண்டிருக்கும். ஆனால் வெளியில், வெயிலில், நல்ல வெளிச்சத்தில் இரண்டுக்கும் ஆல்பத்தில் வித்தியாசம் தெரியாது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. கோட்டையில் அவரே தெரிந்துகொண்டார்.

புதுக் கல்யாண ஜோடி ஒன்றை ராஜகிரிக் கோட்டைக்குக் கூட்டிப் போயிருந்தோம். வாசலில் இருந்த காவலாளி அவரை நிறுத்தினார். "இவ்ளோ பெரிய கேமராவுக்கு பர்மிஷன் லெட்டர் வேணும் சார்." இவர் தன் பேரைச் சொன்னார், எத்தனை வருடமாக வருகிறேன் என்று சொன்னார், குரலை உயர்த்தினார். நடக்கவில்லை. என் கைப்பையை யாரும் கேட்கவில்லை. "நீ போய் எடுத்துக்குனு வா" என்று சொல்லிவிட்டுப் புளியமரத்தடியில் பெருசை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குரங்குகள் அவரைச் சுற்றி வந்தன.

நான் கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலிலும் பாறைகளுக்கு இடையிலும் அந்த ஜோடியை எடுத்தேன். பெரிய கேமராவைப் பார்த்தால் ஜனங்கள் போலீசைப் பார்த்தது போல விறைத்துக்கொள்வார்கள். சின்னதை யாரும் மதிப்பதில்லை, அதனால் அவர்கள் பாட்டுக்குப் பேசிச் சிரித்தார்கள். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வந்த அன்று அந்தப் பெண் அவர் எதிரிலேயே சொல்லிவிட்டாள். "சார், அக்கா எடுத்ததே போடுங்க. அதுல தான் நான் அழகா இருக்குறேன். உங்குளுதுல எங்க அத்த மாதிரி இருக்குறேன்."

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் என்னைப் படாத பாடு படுத்தினார். பூச்சாடியைப் பெருசில் எடுப்பார், சோப்பு டப்பாவில் எடுப்பார், இரண்டையும் பெரிய அளவில் பிரின்ட் போட்டுத் தப்பு இருக்கும் இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவார். வருகிற வாடிக்கையாளர்களை எல்லாம் உட்கார வைத்து, "ரெண்டையும் பக்கத்துல வச்சாத்தான் தெரியும்" என்று பாடம் நடத்துவார்.

அந்த நேரத்தில்தான் எனக்கு அனந்தபுரத்திலிருந்து வரன் வந்தது. ஹார்டுவேர் கடைக்காரர் வீடு. எனக்கு இருபத்தொன்பது முடிந்திருந்தது. அதற்கு முன் வந்தவை எல்லாம் தழும்பைப் பார்த்ததும் திரும்பிப் போனவை. இந்த முறை சோப்பு டப்பாவின் திரையைத் திருப்பி வைத்து, ஜன்னல் ஓரமாக வலது பக்கம் காட்டி உட்கார்ந்து, என்னை நானே எடுத்தேன். தழும்பு நிழலில் போய்விட்டது. பொய் இல்லை, அந்தப் பக்கம் வெளிச்சம் இல்லை, அவ்வளவுதான். பெண் பார்க்க நேரில் வந்தால் தெரியத்தானே போகிறது. அதற்குள் என் முகத்தின் மற்ற இடங்களையும் பார்த்திருப்பார்கள் என்று ஆசைப்பட்டேன். தரகர் படத்தைக் கொண்டு போனார். பையனுக்குப் பிடித்துவிட்டது என்று சொன்னார்கள். என் நைனா இரண்டு நாள் தெருவில் நிமிர்ந்து நடந்தார்.

பையனின் அப்பா ஸ்டுடியோவுக்கு விசாரிக்க வருகிறார் என்று தெரிந்ததும் காலையிலேயே அவரிடம் சொன்னேன். "நல்ல எடம் சார். பாத்துப் பேசுங்க சார்." சரி என்று தலையாட்டினார். வந்தவருக்கு டீ வாங்கிவர என்னையே அனுப்பினார்.

டீயோடு படி ஏறும்போதே பேச்சு கேட்டது.

"இந்தப் படம் உங்க கேமராவுல எடுத்தது தானுங்களே?"

அந்த மனிதர் கேட்டது அவ்வளவுதான். ஆமாம் என்று ஒரு சொல் போதும். எதுவும் சொல்லாமல் சிரித்திருந்தாலும் போதும்.

"இதுவா? ஐயய்ய! இது சோப்பு டப்பாவுல எடுத்தது. என் கேமராவுல இப்படி மொழுமொழுன்னு வராதுங்க. வாங்க, இப்படிக் குந்துங்க, காட்டுறேன்."

நான் கதவருகில் நின்றேன். 'டெஸ்ட்' ஃபோல்டர் திறந்தது. மானிட்டரில் இடது பக்கம் நான் எடுத்த என் படம், வலது பக்கம் அவர் எடுத்த என் படம். தாடைக்குக் கொண்டு போய்ப் பெரிதாக்கினார். பாதி மானிட்டருக்கு என் தழும்பு.

"இப்ப பாருங்க. அதுல இந்த எடத்துல ஒண்ணுமே இல்ல, மாவு பூசுன மாதிரி. இதுல பாருங்க, தோலு சுருங்கி இழுத்துக்குனு போவுது இல்ல, நூல் நூலா தெரியுதா?"

"தெரியுதுங்க."

"பழைய கேமரா தான். ஆனா இது கேமரா."

பத்து நிமிடம் பேசினார். லென்ஸ், சென்சார், வெளிச்சம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெரியவர் என் கையிலிருந்து டீயை வாங்கி, என் முகத்தைப் பார்க்காமல் குடித்து முடித்து, "வர்றேம்மா" என்று சொல்லிப் படி இறங்கினார். மூன்றாம் நாள் தரகர் போன் செய்தார். ஜாதகம் இடிக்கிறதாம். பத்துக்கு எட்டு பொருத்தம் என்று முன்பு சொன்னவரும் அதே தரகர்தான்.

"ஏன் சார் காட்டுனீங்க?" என்று கேட்டேன்.

"இன்னா காட்டுனேன்? அந்த ஆளு எந்த கேமரான்னு கேட்டாரு. நான் பொய் சொல்லணுமா? உன்னப் பத்தி ஒரு வார்த்த தப்பாப் பேசியிருந்தா சொல்லு."

பேசவில்லைதான். எனக்கு ஆறாதது அதுதான். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அவர் அதோடும் விடவில்லை. "அந்தப் படத்த இன்னொரு வாட்டி தெறந்து பாரு. அந்த டீட்டெய்லு இன்னிக்கி எந்தப் புது கேமராவுல வருது, சொல்லு?" என்றார். கேமரா ஜெயித்த சந்தோஷம் அவர் முகத்தில் அப்படியே இருந்தது.

அதற்கப்புறம் எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. அதற்கு அவர் ஒருவரே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவரைச் சொல்வதுதான் எனக்கு வசதியாக இருக்கிறது. வேலையை விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். செஞ்சியில் ஆல்பம் டிசைனுக்கு அப்போது இன்னும் இரண்டே இடம் இருந்தது. ஒன்றை மூடிவிட்டார்கள், இன்னொன்றில் பெண்களை வேலைக்கு வைப்பதில்லை. தினமும் அதே படி ஏறினேன், அதே மானிட்டரின் முன் உட்கார்ந்தேன்.

பிறகு ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது அவருக்கு வாய்த் தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. முகவாதம். வலது கண் மூடாது, உதடு அந்தப் பக்கம் தொங்கிவிட்டது. மருந்தும் ஊசியும் நாட்டு வைத்தியர் எண்ணெயுமாகப் பாதி சரியானது, மீதி அப்படியே நின்றுவிட்டது. கேமராவில் வைத்துப் பார்க்கிற கண்ணே அதுதான். எந்த நேரமும் தண்ணீர் வடியும். தோளில் ஒரு துண்டு போட்டுக்கொண்டு துடைத்துக்கொண்டே இருப்பார். கல்யாணங்களுக்குப் பெருசைத் தூக்கிக்கொண்டு நான் போக ஆரம்பித்தேன். அவரை அப்படிப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம் இருந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது.

அறுபது முடிந்ததும் சென்னையில் இருக்கும் அவர் மகன் மணிவிழாவுக்கு மண்டபம் பிடித்தான். வாசலில் பேனர் வைக்க அம்மாவும் அப்பாவும் சேர்ந்திருக்கும் படம் வேண்டும் என்று என்னிடம் சொன்னான். ஊரையே எடுத்தவரிடம் தன் படம் ஒன்றுகூட இல்லை. யாரையும் தன்னை எடுக்க அவர் விட்டதில்லை.

மனைவியோடு மாடிக்கு வந்தார். ஊரே உட்கார்ந்த அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, குரலைத் தணித்துச் சொன்னார். "சின்னதுலயே எடும்மா. அதுல ஏதோ செட்டிங் இருக்குதே, தோலு சாஃப்ட்டா வர்றதுக்கு..."

இருவரையும் ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். அவருடைய வலது பக்கத்தை நிழலுக்குத் திருப்பினேன். நான் எனக்குச் செய்துகொண்ட அதே வேலைதான். படம் நன்றாக வந்தது. மனைவி திரையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நான் கூட நல்லா தான் இருக்குறேன் இல்ல?" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் தங்கையின் பக்கத்தில் சுவரில் தொங்கினவர். அந்த அம்மாவுக்குப் பிடித்த முதல் படம் அது.

"இருங்க சார், பெருசுலயும் ஒண்ணு எடுத்துர்றேன். பக்கத்துல வச்சாத்தான தெரியும்?"

ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று சொன்னால் அவரால் மறுக்க முடியாது. அது எனக்குத் தெரியும். "அக்கா, நீங்களும் அப்படியே இருங்க. நேரா பாருங்க சார்." 'டடக்'.

மானிட்டரில் இரண்டையும் பக்கத்தில் வைத்து முழு அளவுக்குப் பெரிதாக்கினேன். சிவந்த கண், தொங்கும் இமை, கோணின உதட்டில் எச்சில் பளபளப்பு. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"பெருசு தான்" என்றார். "கண்ணு ஓரத்துல தண்ணி நிக்குறது பாரு, இன்னா ஷார்ப்பு!" பொய் இல்லை, குரலில் பெருமை இருந்தது. பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஆனா பேனருக்குச் சின்னதையே குடும்மா. ஊர்ல நாலு பேரு பாப்பாங்க."

"சரி சார்" என்றேன்.

பேனர் கடைக்கு நான் அனுப்பியது பெருசில் எடுத்ததை.

மண்டப வாசலில் பன்னிரண்டு அடி உயரத்துக்கு அது நின்றது. திண்டிவனம் பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகன் டென்ஷனாகி யார் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தான். அவர் வண்டியிலிருந்து இறங்கி அதை அண்ணாந்து பார்த்தார், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மனைவிதான் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார்.

"மாத்திக் குடுத்துட்டியாம்மா?"

"அவரு தான் பெருசு நல்லாக்குதுன்னாரு அக்கா. நீங்களும் பக்கத்துல தான இருந்தீங்க?"

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த அம்மா மேடைக்குப் போனார். அவருக்காக வருத்தப்பட்டேன், இன்றைக்கும் படுகிறேன். கணவருக்கு வைத்த அடி அந்த அம்மாவின் மேலும் விழும் என்று தெரிந்தேதான் அனுப்பினேன்.

கலசத் தண்ணீர் ஊற்றி, மாலை மாற்றி, தாலி கட்டி முடிந்தது. உறவுக்காரர்கள் குடும்பம் குடும்பமாக மேடையேறி அவர்களோடு நின்றார்கள். நான் பெருசைத் தூக்கிக் கண்ணில் வைக்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய கை தோள் துண்டை எடுத்துக்கொண்டு வலது கன்னத்துக்குப் போனது. ஒரு படத்தில் போனது, இரண்டாவதில் போனது, மூன்றாவதிலும் போனது.

"கைய எடுங்க சார்" என்றேன்.

மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அது யாருடைய சொல் என்று அவர்களுக்குத் தெரியும், அவர்களும் ஒரு காலத்தில் அதைக் கேட்டுச் சிரித்தவர்கள்தான். அவர் துண்டைக் கீழே இறக்கினார். லென்சை நேராகப் பார்த்தார். 'டடக்'.

கூட்டம் இறங்கியதும் என்னை விரலால் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்ட வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

"ஃபோகஸ் எந்தக் கண்ணுல வச்ச?"

"தண்ணி வர்ற கண்ணுல சார்."

"அதான் சரி" என்றார்.